எடுக்காத பொட்டலம்

என் பீரோவின் மேல்தட்டில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு பொட்டலம். பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டியது. இலை சருகாகிவிட்டது, தொட்டால் மூலை உதிர்கிறது. நகை வைக்கிற இடத்தில் இந்தக் குப்பை எதற்கு என்று என் மகள்கள் இரண்டு பேரும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். நகை போனால் இன்னொன்று வாங்கலாம், இது போனால் வாங்க முடியாது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். போன வாரம் அந்த டப்பாவைத் திறக்க வேண்டி வந்தது. அதற்கு முன்னால் பொட்டலத்தைக் கட்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கட்டியவர் என் நங்கையா. கணவரின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். நெட்டையான ஆள். அவர் நடந்தால் பின்னால் வருகிறவர்கள் ஓட வேண்டும். தோட்டத்து ஆயில் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப ஆண்பிள்ளைகளே மூச்சு வாங்குவார்கள். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றே சுற்றில் கிளப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். ஏன் வந்தார் என்று அவராகச் சொன்னதுமில்லை, நானாகக் கேட்டதுமில்லை, ஒரு நாளைத் தவிர.

நான் வாக்கப்பட்டு வந்த ஊர், ஜேடர்பாளையத்து வாய்க்கால் பாய்கிற ஊர். வாய்க்காலுக்குக் கீழே நெல்லும் வெற்றிலைக் கொடியும், மேலே மேட்டுக்காட்டில் சோளமும் கடலையும். வந்த வீட்டில் எந்தப் பெரிய காரியமும் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக, எது எது என்று தெரியாதபடி ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். காரியத்தைச் சொல்லிக் கேட்டதும் பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். கட்டுவதும் விடுவதும் அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் வேலை, வந்த மருமகள் தொடக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் அது நங்கையாவின் வேலையாக இருந்தது. ஏன் பிரிக்கக் கூடாது என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை. கட்டிய கையைச் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பூவை நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் நம்பியது அந்தக் கையைத்தான்.

நான் வந்த புதிதில் மேட்டுக்காட்டில் கிணறு வெட்டலாமா, தண்ணீர் வருமா என்று கேட்டார்கள். வெள்ளை வந்தது. பாறையை உடைத்து உடைத்து வெட்டினார்கள். தண்ணீரும் வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. மாடுகூட மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஊரே சிரித்தது. என் மாமியார் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “தண்ணி வருமான்னு கேட்டோம், வந்துருச்சு. நல்ல தண்ணி வருமான்னா கேட்டோம்?” என்றார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த நங்கையா தலையைத் தூக்காமலே, “நம்ம சாமி வக்கீலாட்டமுங்க அம்மா. கேட்ட கேள்விக்கு மட்டுந்தான் பதில் சொல்லும்” என்றார். நான் சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்கு ஓடினேன்.

அந்தச் சிரிப்பு சில வருடங்களில் என் தலையிலேயே வந்து விடிந்தது. இரண்டாவது பெண் பிறந்த பிறகு எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மாதக் கணக்கில் போய், குடத்தைத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வரும். நாமக்கல் டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் கட்டி இருக்கிறது, உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள், ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கம் ஆபரேஷன் என்றால் ஆளை வழியனுப்புகிற மாதிரி அழுவார்கள். மாமியார் மறுநாளே கோயிலுக்குக் கிளம்பினார். என்னையும் மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். “என்ற மருமவ உசுரோட வரோணும் தாயே, சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போலாமா?” என்று கேட்டார்.

பூசாரி எடுத்தார். வெள்ளை.

வண்டியில் படுத்தபடி அந்தப் பூவைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த நிமிடத்தில் அம்மனைவிட அந்தப் பூவைத்தான் கும்பிட்டேன். வாடகைக் கார் கோயில் வாசலுக்கே வந்திருந்தது. பூக் கேட்பதற்கு முந்தின நாளே அந்தக் காருக்குச் சொல்லி வைத்தவர் நங்கையா என்பது பிறகுதான் தெரிந்தது. எடுக்காத பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, “வந்து உட்டுக்கலாம், மொதல்ல வண்டிய எடுங்க” என்று ஏறி உட்கார்ந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ராசிபுரம் தாண்டும்போதுதான் நான் அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். சாகப் போகிறோம் என்ற நினைப்பில் வந்த தைரியம் அது.

“நங்கையா, நீங்க ஏனுங்க அங்க வாழாம வந்துட்டீங்க?”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்குப் பேசுனப்பவும் பூக் கேட்டாங்க, அம்மிணி. வெள்ளைதான் வந்துச்சு. அவன் அடிச்ச அடியில காது கேக்காமப் போயி நா வந்து நின்னப்ப, யாரப் போயி வைய, யாரக் குத்தஞ் சொல்ல? அப்பனக் கேட்டா பூச் சொல்லுச்சுங்கறாரு. அம்மாளக் கேட்டா பூச் சொல்லுச்சுங்கறா. பூவ வைய முடியுமா? அது அன்னிக்கே வாடிப் போச்சு.” அவருக்கு இடது காது கேட்காது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தனை நாளும் கர்வத்தில் திரும்பிப் பார்க்காமல் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

சேலத்தில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, கட்டியை மட்டும் எடுக்க முடியாது, கர்ப்பப்பையையே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். நான் வராந்தாவில் தள்ளுவண்டியில் கிடந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. அவர் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு, “ஏனுங்க டாக்டரம்மா, ஒரு நா பொறுத்துக்குங்க. ஊருக்குப் போயி இன்னொருக்காக் கேட்டுப்போட்டு வந்தர்றேனுங்க” என்றார்.

“யாரைக் கேக்கணும்? புருஷன் நீங்கதானே?”

“பூக் கேக்கோணுமுங்க.”

அவர் கெட்டவரில்லை. என் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் பிறந்ததிலிருந்து பெரிய முடிவு எதையும் அவர் கையால் எடுத்ததில்லை. நங்கையா அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“போடுறா கையெழுத்த.”

“போலாமான்னுதானக்கா கேட்டோம். எடுக்கலாமான்னு கேக்கலியே.”

“உசுரோட வரோணும்னு கேட்டமில்ல? மிச்சத்த நாஞ் சொல்றேன். போடு.”

போட்டார். நான் பிழைத்தேன். அந்தத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நங்கையா நின்றபோது அந்தப் பொட்டலம் அவர் மடியிலேயேதான் இருந்திருக்கிறது.

திரும்பி வந்து, கர்ப்பப்பை இல்லை என்று தெரிந்ததும் மாமியார் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசியதற்கு, பேசாமலே இருந்திருக்கலாம். இரண்டும் பெண், இனி பையன் இல்லை, தோட்டத்தை யார் ஆள்வது என்று ஆரம்பித்தது. பங்காளிகள் வந்து வந்து எண்ணெய் ஊற்றினார்கள். ஆறு மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு இன்னொரு பெண் கட்டுவது என்ற பேச்சு எழுந்தது. அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரே முடிவு சொன்னார்: “நா ஒண்ணுஞ் சொல்லல. வெள்ளிக்கிழம பூக் கேட்டுரலாம். ஆத்தா சொல்றபடி நடக்கட்டும்.”

அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. என் அப்பன் வீட்டுக்கும் சொல்லி அனுப்பவில்லை. யாரிடமும் கெஞ்சி நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் விரல் நுனியெல்லாம் பிய்ந்து போனது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், இருந்தாலும் இரண்டு பொட்டலத்தில் ஒன்று என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் வாழ்வும் என் பெண்களின் வாழ்வும் பாதிக்குப் பாதியாக நின்றன. என்னைத் தெரியாத, என் பெண்களின் பேர் தெரியாத ஒரு அரளிப்பூ சொல்ல வேண்டும். அதற்கு மேலே பேச யாருக்கும் வாய் இருக்காது.

வெள்ளிக்கிழமை கோயிலில் பங்காளிகள் இருபது பேர் நின்றார்கள். பூசாரி கையை நீட்டினார். நங்கையா வெறுங்கையோடு நின்றார்.

“பொட்டலம் எங்கம்மா?”

“கட்டல. நாங் கட்டுனா செல்லாதுங்க.” கணீரென்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “போன தடவ ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சுக் கட்டுனேன்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “அடிப் பாதகத்தி, சாமியவே ஏமாத்திப்போட்டியா?” என்று ஒரு பெரியவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமியார் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “அந்த எடுக்காத பொட்டலம் எங்கடி?” என்று கேட்டார். “வாய்க்கால்ல உட்டாச்சு” என்றார் நங்கையா. பிறகு கூட்டத்தைப் பார்த்து, “வையறதுன்னா என்னைய வைங்க. கையெழுத்துப் போட்ட அவன வைய வேண்டாம், பொழச்சு வந்த அவள வைய வேண்டாம். செஞ்சவ நானு” என்றார். பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். கட்டுகிற கை கோணினால் அந்த வீட்டுக்குப் பூக் கிடையாது, அந்தக் கை இருக்கிற வரைக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டு நடையைச் சாத்தினார்.

உத்தரவில்லாமல் இரண்டாம் கல்யாணம் செய்து வைக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அது கெட்டுப் போனால் யாரைச் சொல்வது என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. பேச்சு அப்படியே அமுங்கிவிட்டது.

நங்கையாவைக் கோயில் படி ஏற விடவில்லை. பெற்ற தாயே முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் படுக்கையை எடுத்துக்கொண்டு இன்ஜின் ரூமுக்குப் போய்விட்டார். டீசல் வாடையில், ஒரு கயிற்றுக் கட்டிலில், ஒன்பது வருடம். சோறு கொண்டுபோய் வைப்பேன். “உப்புக் கொறச்சல் அம்மிணி” என்பார், “நம்ம மேட்டுக்காட்டுக் கெணத்துத் தண்ணியில வடிச்சிருக்கலாமுல்ல” என்பார். அதற்கு மேல் ஒரு குறையும் சொன்னதில்லை. நான் அவருக்காக மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. எனக்காகச் சாமியை ஏமாற்றினார் என்ற நன்றி இருந்தது, சாமியை ஏமாற்றியவர் என்ற பயமும் கூடவே இருந்தது. யாரிடமும் தலை குனிந்ததில்லை என்று சொல்கிற நான் குனிய வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

அந்த ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டில் ஒன்று மாறியது. கேட்பதற்குப் பூ இல்லை. ஆழ்குழாய் போடுவதா, பெரியவளை ஹைஸ்கூலுக்கு அனுப்புவதா என்று வந்தபோது என் வீட்டுக்காரர் முதலில் வாசலுக்கும் தொழுவத்துக்கும் நடந்தார். பிறகு வேறு வழியில்லாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்து, “நீ என்னம்மிணி சொல்ற?” என்றார். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகி அப்போதுதான் அவர் என்னைக் கேட்டார். ஒரு வருடம் மரவள்ளியை ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்காரருக்குக் கொடுக்காமல் வைத்திருந்து அழுகவிட்டோம். “எம் புத்திதான் தப்பாப் போச்சு” என்று அவரே சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு ஆண் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் எனக்குக் கோபமே வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கட்டிலில் சாய்ந்த நங்கையா எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியை நான்தான் ஒதுக்கினேன். இரண்டு சேலை, ஒரு கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி. வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் இந்தப் பொட்டலம்.

பிரிக்கக் கூடாது என்பது தெரியும். பிரித்தேன். உள்ளே நாலைந்து இதழ், கருத்துச் சுருண்டு கிடந்தன. வெள்ளைப் பூ காய்ந்ததா, சிவப்புப் பூ காய்ந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை. எனக்கு அரைகுறையாக ஒன்றை நம்பிப் பழக்கமில்லை. அன்றைக்கே வெள்ளரளியில் நாலு, செவ்வரளியில் நாலு பறித்து, அதே மாதிரி பூவரச இலையில் கட்டி, இன்ஜின் ரூம் ஓட்டின் மேல் ஒரு மாதம் காயப் போட்டேன். வெள்ளை காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்தது. சிவப்பு காய்ந்து பழம்புளி மாதிரி கருத்தது. மூன்றையும் முறத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. நங்கையா கட்டியது சிவப்பு.

முறத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு என்று நேர்மையாகத்தான் கட்டியிருக்கிறார். எனக்கு வந்த வெள்ளை தானாக வந்தது. பொய் சொன்னது கோயிலில், அந்த வெள்ளிக்கிழமை. என்னை இன்னொரு தடவை பாதிக்குப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று சொன்ன பொய். தான் குற்றமில்லாதவள் என்பதற்கு ஒரே சாட்சி கையில் இருந்தது. அதை வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் டீசல் வாடையில் படுத்திருந்தார்.

முறத்தை மாமியாரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவருக்குக் கண் மங்கிப் போயிருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“செவப்புங்க அத்தை” என்றேன்.

“தெரியும் அம்மிணி.” இதழை முறத்திலேயே திரும்ப வைத்தார். “அன்னிக்குக் காத்தால அவ செவ்வரளி பறிச்சத நாந்தான் பாத்தனே.”

“அப்பறம் ஏனுங்க சொல்லல?”

“பங்காளிக முன்னால கேக்கறேன்னு வாய உட்டுட்டேன். வெள்ள வந்துருமோன்னு எனக்கும் பயமா இருந்துச்சு. எப்படித் திரும்பறதுன்னு தெரியாம நின்னேன். அவ வந்து குறுக்க நின்னுட்டா.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அந்த இதழ்களை அதே இலையில் மடித்துத் திரும்பக் கட்டினேன். அதன் பிறகு மாமியார் இருந்த காலம் வரைக்கும், யாராவது பூக் கேட்க வேண்டும் என்று சொன்னால், “நீங்களே முடிவு சொல்லுங்க” என்பார்.

இது நடந்து முடிந்த கதை. போன வாரம் நடந்தது வேறு. எனக்கு முழங்கால் தேய்ந்து, படி ஏற முடியவில்லை. மாற்றி வைக்க ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்கிறார். சர்க்கரையும் இருக்கிறது, வயதும் எழுபத்தைந்துக்கு மேல். என் சின்ன மகள் கைபேசியை எடுத்து, கேட்டால் பதில் சொல்கிற அந்த யந்திரத்திடம் கேட்டாள். அது தமிழில், மரியாதையாக, நல்லது இது, கெட்டது இது என்று விலாவாரியாகச் சொன்னது. அவள் திருப்பி வேறு மாதிரி கேட்டாள். வேறு மாதிரி சொன்னது. மூன்றாவது தடவையும் கேட்டாள். அவள் முகத்தில் நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு.

அந்த யந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. பூவைவிட அதற்கு நூறு மடங்கு விவரம் இருக்கிறது. பூவுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, இது சொல்கிறது. முடிவை நீங்களும் டாக்டரும்தான் எடுக்க வேண்டும் என்றும் கடைசியில் சொன்னது. பூ அந்த நியாயத்தை எங்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அது நிஜமாகவே யோசிக்கிறதா, யோசிக்கிற மாதிரிப் பேசுகிறதா என்பது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே தீராத கேள்வி என்று மகள் சொன்னாள். எனக்கு வேறு கேள்வி. நான் அந்த ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்திருக்காவிட்டால் மறுநாள் அதற்குச் சோறு இறங்குமா? இன்ஜின் ரூமில் போய்ப் படுக்குமா? சரியான பதிலை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பூகூட ஒரு தடவை சொன்னது. பதில் தப்பாகப் போகிற நாளில் வந்து நிற்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

“அது மூணு தடவ சொல்லிருச்சு. நீ என்ன சொல்ற?” என்று கேட்டேன். டப்பாவை எடுத்து வரச் சொல்லி, பொட்டலத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, இதுவரை சொல்லாத இதையெல்லாம் சொன்னேன். நங்கையா அவளுக்கு அத்தை, அந்த மடியில் வளர்ந்தவள் அவள். இன்ஜின் ரூமில் அத்தை ஏன் தனியாக இருந்தார் என்று சின்ன வயதில் கேட்டு என்னிடம் அடி வாங்கியவள்.

அவள் பொட்டலத்தை என் கையில் திருப்பி வைத்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“பண்ணிக்கலாம்மா. நாஞ் சொல்றேன்” என்றாள். “ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்னைய வை.”

நாளைக்குக் காலையில் சேலத்துக்குப் புறப்படுகிறோம். பயணத்துக்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. டப்பாவைத் திரும்பப் பீரோவில் வைக்கவில்லை. பொட்டலத்தை ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், மடியில் செருகிக்கொள்ள.